கமறாத மிளகாய்

என் காலடி மண்ணையும் அள்ளி அடுப்பில் போட்டவள்தான் பிரஷாந்தினி. போட்டதை மறைக்கவும் இல்லை. அடுத்த நாள் காலை நான் பால் கொண்டு போனபோது வாசல் படலையடிக்கே ஓடி வந்து சொன்னாள்.

"விமலாக்கா, உங்கட மண் நல்லாக் கமறிச்சுது. எனக்கும் இவருக்கும் தும்மல் நிக்கவேயில்லை. உங்களில ஒரு பிழையும் இல்லை அக்கா!"

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு வந்தது கோபமா பெருமையா என்று இன்றுவரை தெரியாது. பால் போத்தலைக் கையில் திணித்து, "உனக்கு நல்ல விசரடி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

எங்கள் ஊர் தண்ணீரூற்று. எங்கள் இரண்டு பேரின் வளவுக்கும் நடுவில் ஒரு வேலிதான். நான் மாடு வைத்திருக்கிறேன், தனிக்கட்டை. அவள் புருசன் குகதாசன் வயலும் உழவு மெசினுமாகத் திரிகிறவன், வாய் திறந்து நாலு கதை கதைப்பதே அருமை. கலியாணம் கட்டிக் கனகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கி, இனி இல்லை என்று ஊரே கைவிட்ட பிறகு பிறந்தது லக்சிகா. கன்னத்தில் குழி, கண்ணில் ஒரு குறும்பு. வாசலால் போகிறவர்கள் ஒருதரம் தூக்கிக் கொஞ்சாமல் போக மாட்டார்கள்.

பிள்ளை தவழத் தொடங்கிய காலத்தில் சாப்பாடு இறங்காமல் போயிற்று. குடித்த பாலைக் கக்கியது. விட்டுவிட்டுக் காய்ச்சல். கிளினிக்கில் தராசில் வைக்கும்போதெல்லாம் நிறை குறைந்துகொண்டு போனது. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், படம் பிடித்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாத வருத்தத்துக்கு என்ன மருந்து கொடுக்கிறது? ஆரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பிரஷாந்தினி முடிவு கட்டினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். மந்திரம் தெரிந்தவர்கள் ஒருவரையும் அவள் தேடிப் போகவில்லை. ஃபோன் வீடியோவில் யாரோ ஒருத்தி பட்டுச்சீலை உடுத்திக்கொண்டு சொல்லித் தருகிறாளாம், எல்லாம் குசினிச் சாமானாலேயே செய்யலாமாம். மூலைக்கு மூலை கண்ணாடிக் கோப்பையில் கல்லுப்பு. வாசல் நிலையில் கறுப்புக் கயிற்றில் படிகாரம். கதிரைக்குக் கீழே தேசிக்காய். பிள்ளையைத் தூங்கப் போடும் ஏணைச் சீலைக்குள் பாக்குவெட்டி. பால்மாப் பேணிக்குள்கூட இரண்டு கராம்பு கிடந்தது. கறிக்கு உப்புக் காணாவிட்டால் மூலையில் இருக்கிறதை அள்ளிப் போடலாமே என்று நான் பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு நாளும் செய்யிற வேலையோட வேலையா இதையும் செய்ய வேணுமாம் அக்கா. அப்பதான் பலிக்குமாம்."

காலடி மண் மட்டும் ஃபோன்காரி சொன்னதல்ல, அது எங்கள் பக்கத்துப் பழக்கம். சந்தேகப்படுகிற ஆளின் காலடி மண்ணில் ஒரு துளி எடுத்து, செத்தல் மிளகாயோடும் உப்போடும் பிள்ளையின் தலையைச் சுற்றி நெருப்பில் போடுவது. மிளகாய் கமறி எல்லாரும் இருமினால் அந்த ஆளில் குற்றமில்லை. கமறாவிட்டால் அதுதான் கண். எல்லாரும் வருசத்தில் ஒருதரம் இரண்டுதரம் செய்வதுதான். பிரஷாந்தினி அதை நாளாந்தத் தொழிலாக்கிவிட்டாள். விடிய எழும்பி முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைப்பாள். வந்து போகிறவர்களின் அடி அச்சுப்போல் பதியும். போனதும் மண் அள்ளச் சிரட்டையோடு வருவாள். மீன்காரன், மருத்துவிச்சி, குகதாசனின் தாய், தேர்தலுக்கு வோட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாருடைய மண்ணும் அடுப்புக்குள் போயிற்று. எல்லாம் நன்றாகக் கமறின. அந்தப் பக்கம் காற்று அடிக்கிற நாளில் என் மாடுகளே தும்மின.

பிள்ளை மட்டும் தேறவில்லை. கழுத்து மெலிந்து, தலை பெரிதாகத் தெரியத் தொடங்கியது.

மாரியில் ஒருநாள் மத்தியானம் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஓடி வாங்கோ. ஆளைப் பிடிச்சிட்டன்."

ஏணை கட்டியிருந்த அறைக்கு வெளியே, யன்னலுக்கு நேர் கீழே, ஈர மண்ணில் இரண்டு அடிகள். செருப்பில்லாத கால். யன்னலைப் பார்த்தபடி. போகிற போக்கில் பதிந்த அடி அல்ல அது, குதி ஆழமாகப் புதைந்து போயிருந்தது. நெடுநேரம் அசையாமல் நின்றிருக்க வேண்டும். காலையிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்ததால் அன்று அந்த வீட்டுக்கு நான்கூடப் போகவில்லை.

"ஒரு பொம்பிளை வந்து நிண்டு பிள்ளையைப் பாக்கிறாள் அக்கா. ஒவ்வொரு நாளும் வாறாள் போல. பழைய அடியும் கிடக்குது, பாருங்கோ."

பார்த்தேன். புது அடிக்கு அடியில் மங்கலாக வேறு அடிகளும் அதே இடத்தில் கிடந்தன.

மண்ணை அள்ளிக்கொண்டு குசினிக்குப் போனோம். அவள் பிள்ளையைச் சுற்றி, மிளகாயை நெருப்பில் போட்டாள். நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மிளகாய் கறுத்தது, முறுகியது, வெடித்தது. புகையும் வந்தது. நெடி வரவில்லை. தலைப்பை எடுத்துவிட்டு மெல்ல மூச்சு இழுத்தேன். பிறகு அடுப்புக்கு மேலே குனிந்து நெஞ்சு நிறைய இழுத்தேன். வெறும் கடதாசி எரிகிற வாசம்.

"ஆரடி அது?" என்றேன்.

"காலின்ர அளவைப் பாத்தால் பிடிக்கலாம். உங்கட காலைவிடச் சின்னன்."

திரும்பவும் யன்னலடிக்குப் போனோம். என் காலை வைத்துப் பார்த்தேன், அடிக்கு வெளியே நின்றது. "இவ்வளவு சின்னக் கால் ஊரில ஆருக்கு இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே பிரஷாந்தினி தன் காலைத் தூக்கி மிஞ்சிக் கிடந்த அடிக்குள் வைத்தாள். கால் அதற்குள் போய்ச் சரியாகக் குந்தியது. விரலுக்கு விரல், குதிக்குக் குதி.

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கிணத்தடிக்குப் போய் வரேக்க இதில நிண்டு பாக்கிறனான்," என்றாள் மெதுவாக. "பிள்ளை நித்திரையில அவ்வளவு வடிவா இருப்பாள் அக்கா. என்ர வயித்தில பிறந்தது எண்டு நம்பேலாமல் இருக்கும். பாக்கப் பாக்க ஆசை தீராது."

மிளகாய் நனைந்திருக்கும் என்று சொன்னேன். உண்மையில் அப்படித்தான் இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் உள்ளே போய், முதல் எடுத்த பேணியிலிருந்தே ஒரு கை மிளகாயை அள்ளி மண்ணில்லாமல் நெருப்பில் போட்டாள். நான் கண்ணீர் ஓட ஓட முற்றத்துக்கு ஓடினேன். ஏணைக்குள் பிள்ளை கூட இருமியது.

தாய்க்கண் மற்றக் கண்களைவிடப் பொல்லாதது என்று எங்கள் சனம் நம்புகிறது. பிறத்தியாரின் கண்ணுக்குக் கறுத்தப் பொட்டு வைக்கலாம், படிகாரம் கட்டலாம், படலையைச் சாத்தலாம். பெற்றவளின் கண்ணுக்கு எதைக் கட்டுவது? அன்றோடு அவள் பிள்ளையைப் பார்ப்பதை நிறுத்தினாள்.

பிள்ளையை இடுப்பில் வைத்தால் முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைப்பாள். சோறு தீத்தும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு விரலால் வாயைத் தடவிக் கண்டுபிடிப்பாள். சீப்பால் தலை இழுப்பது பின்னால் இருந்து. குளிப்பாட்டுவது கண்ணை மூடிக்கொண்டு. ஃபோனில் இருந்த படங்களையும் அழித்தாள். நான் பேசாத பேச்சில்லை. "பெத்த பிள்ளையைப் பாக்காத தாய் உலகத்தில இருக்கிறாளோ? உன்னைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். குகதாசன் இரண்டுநாள் சாப்பிடாமல் கோபித்துப் பார்த்தான்.

பிறகு நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம். பிள்ளை தேறத் தொடங்கிவிட்டது.

பால் தங்கியது. காய்ச்சல் விட்டது. கன்னத்துக் குழி திரும்பி வந்தது. பல் முளைக்கிற காலம் முடிந்திருக்கும், தானாகவே சுகமாகியிருக்கும் என்று நான் எனக்கே பலதரம் சொல்லிக்கொண்டேன். முன்பள்ளிக்குப் போகிற வயதில் ஒருநாள், பின்னல் பின்னும்போது அலுமாரிக் கண்ணாடியில் தற்செயலாகத் தாய், மகள் இருவர் கண்ணும் சந்தித்தன. அன்று பின்னேரம் பிள்ளைக்கு நூற்றுமூன்று காய்ச்சல். முன்பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்போது காய்ச்சல்தான், அதையும் சொன்னேன். பிரஷாந்தினி கேட்டுக்கொண்டே அலுமாரிக் கண்ணாடிக்குச் சீலை கட்டினாள்.

இப்படித்தான் நான் அந்த வீட்டுக்குக் கண்ணானேன். சிரங்கு பார்ப்பது, பேன் பார்ப்பது, சட்டை தெரிந்து போடுவது எல்லாம் என் பொறுப்பு. பிள்ளையும் அதற்குப் பழகிவிட்டாள். தாயிடம் எது கேட்பதென்றாலும் பின்னால் போய் முதுகில் சாய்ந்துகொண்டு கேட்பாள். தாய் திரும்பிப் பார்க்கப் போகிறாள் என்று தெரிந்தால் கதவுக்குப் பின்னால் பாய்ந்துவிடுவாள். முதலில் அது விளையாட்டு என்று நினைத்தேன். விளையாடுகிற பிள்ளை சிரிக்கும். இவள் சிரிப்பதில்லை.

போன வைகாசியில் அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனோம். பிள்ளைக்கு ஐந்து வயது. நான் வாங்கிக் கொடுத்த பச்சைச் சட்டையை நானே போட்டுவிட்டேன். குகதாசன் பிள்ளைக்காக நேர்ந்த காவடியோடு முன்னால் போய்விட்டான். நான் தண்ணீர்ப் பந்தலில் மோருக்கு நின்றபோது தூக்குக்காவடி ஒன்று வந்தது. சனம் இரண்டு பக்கமும் நெருக்கித் தள்ளியது. காவடி போன பிறகு பார்த்தால் பிரஷாந்தினியின் கை வெறுமையாக இருந்தது.

அவள் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. எந்தப் பிள்ளையைக் கண்டாலும் ஓடினாள். ஓடிக் கிட்டப் போய் நின்று தவித்தாள். பிள்ளை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நான் மோரை அப்படியே வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் ஓடினேன்.

வெயில் சாயும் நேரம் ஒலிபெருக்கியில் லக்சிகாவின் பெயர் வந்தது. தொண்டர் கொட்டகைக்கு ஓடினோம். பெற்றவர் மட்டும் உள்ளே என்று என்னைக் கயிற்றுக்கு வெளியே மறித்துவிட்டார்கள். சனத்தின் தலைகளுக்கு நடுவால் பார்த்தேன்.

நீட்டு மர வாங்கில் நாலைந்து பிள்ளைகள். பிரஷாந்தினி தலைமயிர் அவிழ்ந்து விழ, கண்ணை அகலத் திறந்துகொண்டு ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அத்தனை வருசம் அடக்கி வைத்திருந்த கண். வாங்கின் கடைசியில் இருந்த பச்சைச் சட்டை தாயைக் கண்டு துள்ளி எழும்பியது. அடுத்த கணம், தாயின் கண் திறந்திருப்பதைக் கண்டு, சடாரென்று திரும்பிக் கொட்டகையைச் சுற்றிக் கட்டிய படங்குச் சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"இந்தப் பிள்ளைதான் லக்சிகா எண்டு பேர் சொன்னது," என்றாள் தொண்டர் பெண். "பிள்ளை, திரும்பிப் பாருங்கோ. இது அம்மாவோ?"

பிள்ளை திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் வீரிட்டு அலறி இன்னும் உள்ளே புகுந்தது.

"ஏன் உங்களைக் கண்டு இப்பிடி நடுங்குது?"

"என்ர பிள்ளைதான். என்ர பிள்ளைதான் அது."

"அப்பிடியெண்டால் முகத்தில ஏதும் அடையாளம் சொல்லுங்கோ."

"தலையில ரெண்டு சுழி. காதுக்குப் பின்னால சின்னத் தழும்பு. நித்திரை வரேக்க உள்ளங்கை வேர்க்கும்."

"படங்குக்குள்ள கிடக்கிற பிள்ளையை நான் தடவிப் பாக்கிறதே? முகத்தைச் சொல்லுங்கோ அம்மா. பெத்த தாய்க்குப் பிள்ளையின்ர முகம் தெரியாதே?"

நான் கயிற்றடியில் நின்று கத்தினேன். தலைக்கு மேல் இருந்த ஒலிபெருக்கி என் குரலை விழுங்கியது. பொலிசைக் கூப்பிட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள்.

பிரஷாந்தினி படங்கைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அவளுக்கு விளங்கிவிட்டது. மெல்லத் திரும்பி, பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தில் குந்தினாள். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தினாள்.

"குஞ்சு, அம்மா கண்ணை மூடிட்டன். வாங்கோ."

படங்குக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. அடுத்த நிமிசம் பிள்ளை பறந்து வந்து அந்த முதுகில் விழுந்தாள். கழுத்தை இறுக்கிக் கட்டி, பிடரியில் முகத்தை அழுத்திக்கொண்டாள். தொண்டர் பெண் வழி விட்டு விலகினாள்.

பிரஷாந்தினி பிள்ளையை முதுகிலிருந்து இறக்காமலே வெளியே நடந்து வந்தாள். நான் பக்கத்தில் போனேன். பிள்ளை தாயின் காதுக்குள் இரகசியம் சொல்வது எனக்கும் கேட்டது.

"அம்மா, நான் கெதியா ஒளிச்சிட்டன். நீங்கள் என்னைப் பாக்கேல்லைத்தானே?"

"இல்லைக் குஞ்சு. பாக்கேல்லை."

"அப்ப எனக்குக் காய்ச்சல் வருத்தம் வராது."

பிரஷாந்தினியின் கண்ணீர் நாடியால் வழிந்து சொட்டியது, துடைக்க அவளுக்குக் கை இல்லை. இதெல்லாம் விசர்க்கதை, ஒரு கண்ணும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் உன்னியது. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன்.