மாப்பிள்ளை என்னும் படகு

மே மாதம் பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானத்தில் பாதி மேகம், தென்மேற்கிலிருந்து சீரான காற்று, இடையிடையே முரட்டு வீச்சுகள், மழைக்கு வாய்ப்பில்லை. ஏரிக்கரைப் படகுக் கழகத்தின் கரும்பலகையில் செயலாளர் தம் கைப்பட எழுதியிருந்த இவ்விவரங்களை, சகோதரிகள் இருவரில் பதினாறு வயதான பெரியவள் தேர்வு வினாத்தாளைப் படிப்பதுபோல் மும்முறை படித்தாள். அவற்றின் கீழே அவளுக்கென்றே ஒரு வரி இருந்தது: 'பிற்பகல் மூன்று மணி, தகுதி ஓட்டம். படகு: மாப்பிள்ளை.'

அப்படகுக்கு முறைப்படி ஓர் எண் மட்டுமே உண்டு. மாப்பிள்ளை என்பது கழகத்தார் இட்ட பெயர். ஒரே பாய், ஒரே ஆள், அந்த ஆள் படகுக்கு வெளியே சாய்ந்து தொங்குவதற்கு ஒரு கம்பி. இவ்வளவே அதன் உடைமை. ஆனால் ஒரு நொடி கவனிக்காமல் விட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சற்று அதிகமாகக் கவனித்தாலோ முறுக்கிக்கொள்ளும். காரணம் சொல்லாமல் கவிழும். நிமிர்த்தி உபசரித்தால் ஒன்றும் நடவாததுபோல் பாய்ந்தோடும். கொட்டகையில் அதற்குப் பக்கத்திலேயே பெரியப்பா என்றொரு படகும் இருந்தது. அகலமானது, சாதுவானது, ஏறி உட்கார்ந்தவரை மெதுவாகக் கூட்டிச்சென்று மெதுவாகவே கூட்டிவந்துவிடும். தனியாள் படகுக்கு மாறும் பருவம் வந்த பிள்ளைகள் அனைவரும் பெரியப்பாவைத்தான் கேட்பார்கள். பெரியவள் மாப்பிள்ளையைக் கேட்டாள்.

செய்தி வீட்டை எட்டியதும், மின்தூக்கி பழுதுபார்ப்பவரான அவள் தந்தை கைவிளக்கோடு கொட்டகைக்கு வந்து, அரை மணி நேரம் அப்படகின் அடியிலும் முடியிலும் ஒளி பாய்ச்சிப் பார்த்தார்.

"இதுல பிரேக் எங்க இருக்கு?"

"படகுக்கு பிரேக் கிடையாதுப்பா."

"லிஃப்டுக்கே ரெண்டு மூணு வைக்கிறோம். அது மேலயும் கீழயும் மட்டும்தான் போகுது" என்றார் அவர், ஆழ்ந்த வருத்தத்துடன். தாயாரோ ஓட்டத்தைப் பார்க்க வரவே மறுத்துவிட்டார். வந்தால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும், அதை வீட்டிலிருந்தே செய்யலாம் என்பது அவர் வாதம்.

அதுவரை நான்கு ஆண்டுகளாகப் பெரியவளும் அவள் தங்கையும் இரட்டையாள் படகொன்றை ஓட்டிவந்தார்கள். பின்னால் சுக்கானைப் பிடித்துப் பெரியவள். முன்னால் பதினான்கு வயதுச் சின்னவள். சின்னவளுக்கு அங்கே இரண்டு வேலைகள்: பாயின் கயிற்றைப் பிடிப்பது, பேசுவது. இரண்டாவதை அவள் கூடுதல் சிரத்தையோடு செய்தாள். வகுப்பில் யார் யாரோடு பேசுவதில்லை, பக்கத்து வீட்டுப் பூனைக்குத் தும்மல் வருவது எதனால், கணக்கு ஆசிரியை புதிதாகக் குட்டையாக வெட்டிக்கொண்ட முடி அவர் விரும்பிச் செய்ததா அல்லது விபத்தா என்பன போன்ற செய்திகள், எவ்வளவு பலத்த காற்றிலும் தங்குதடையின்றிப் பெரியவளை வந்தடைந்தன. படகைத் திருப்பும் முன் பெரியவள் "ரெடியா?" என்று குரல் கொடுப்பாள். சின்னவள் கதையை நிறுத்தாமலே, நடுவில் செருகி, "ரெடி ரெடி, உயிர வாங்காத" என்பாள். படகு திரும்பும். இருவரும் மறுபக்கம் தாவுவார்கள். தாவும் வேளையில் கயிறு பெரியவள் கைக்கு வரும். திரும்பி முடித்துக் கம்பியில் தொங்கியதும் அவள் அதை முன்னால் நீட்டுவாள், சின்னவள் வாங்கிக்கொள்வாள். ஒரு நாளைக்கு நூறு முறை இது நடக்கும். நீட்டுகிறவளும் பார்ப்பதில்லை, வாங்குகிறவளும் பார்ப்பதில்லை.

மூன்று வாரங்களுக்கு முன்பு, காலை உணவின்போது தந்தை கேட்டார்: "நீ தனியாப் போயிட்டா சின்னவ என்ன பண்ணுவா?"

"அவளா? அவ வெறும் வெயிட்டுப்பா. அந்த இடத்துல ஒரு மூட்டை மணல வெச்சாலும் படகு ஓடும். மணல் பேசாது. அது ஒண்ணுதான் வித்தியாசம்."

அப்போது குளிர்பதனப் பெட்டியின் கதவு மெல்ல மூடியது. அதுவரை திறந்திருந்த அக்கதவின் பின்னால், தண்ணீர்ப் போத்தலைக் கையில் ஏந்தியபடி சின்னவள் நின்றிருந்தாள்.

அன்று முதல் சின்னவள் தன் அக்காவோடு பேசுவதில்லை. பிறரோடு வழக்கம்போலவே பேசினாள். அக்காவுக்கு உரிய செய்திகளைக்கூட அவர்கள் வழியாகவே அனுப்பினாள். "அப்பா, குளியலறையில சோப்பு தீந்துபோச்சு. யாருக்காவது தெரியணும்னா சொல்லிடுங்க" என்பாள், அக்கா அருகிலேயே துண்டோடு நிற்க. இருவருக்கும் ஒரே அறை. இத்தனை காலம் தான் ஏங்கிய அமைதி கிடைத்துவிட்டதென்று பெரியவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடித்த பிறகும் அறை மிகவும் அமைதியாகவே இருந்தது.

கழகத்தின் செயலாளர், ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாடிக்கையாளர்களிடம் "முதல்ல காட்டினது தெளிவா, இப்பக் காட்டறது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டு, உலகம் முழுவதையும் இரண்டிரண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழகியவர். படகுகளை நீரில் இறக்கும் சாய்தளத்தின் விளிம்பில் நின்று அவர் விதிகளை அறிவித்தார்.

"மூணு மிதவை, ரெண்டு சுத்து. எத்தனை தடவ கவுந்தாலும் பரவாயில்ல, நீயே நிமித்திக்கணும். வெளியுதவி கூடாது. கை குடுத்தாலும் சரி, கயிறு குடுத்தாலும் சரி, யோசனை குடுத்தாலும் சரி, வாங்கினா ஓட்டம் செல்லாது. படகு இந்த வருஷத்துக்கு அடுத்தவருக்குப் போயிடும். புரிஞ்சுதா, புரியலயா?"

அடுத்தவர் அங்கேயே நின்றிருந்தார். நாற்பத்தாறு வயதான பல் மருத்துவர். இரண்டு மணிக்கே புத்தம்புதிய ரப்பர் உடையைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு, வெயிலில் மெதுவாக வெந்துகொண்டிருந்தார்.

"நீதாம்மா ஜெயிக்கணும். மனசாரச் சொல்றேன்" என்றார். நோயாளிகளிடம் வலிக்காது என்று சொல்லும் அதே குரல்.

மீட்புப் படகின் எந்திரத்தைச் செயலாளர் இயக்கினார். கவிழ்ந்த கணக்கைச் சிலேட்டில் குறிக்கும் பொறுப்பு, பணிமுறைப் பட்டியலின்படி அன்று சின்னவளுடையது. சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் வானத்தைப் பார்த்தாள்.

பெரியவள் புறப்பட்டாள். கம்பியில் மாட்டிக்கொண்டு, பாதங்களைப் படகின் விளிம்பில் ஊன்றி, உடல் முழுவதும் நீர்ப்பரப்பின்மேல் சாய, மாப்பிள்ளை ஓர் உறுமலோடு பாய்ந்தது. அவளுடைய பதினாறு ஆண்டு வாழ்க்கையில் அத்தகைய வேகத்தை அவள் கண்டதில்லை. முன்னால் யாருடைய முதுகும் இல்லை. யாருடைய பூனையும் தும்மவில்லை. இதற்காகத்தான் பிறந்தேன் என்று அவள் முடிவுகட்டியபோது முதல் மிதவை வந்தது.

"ரெடியா?" என்று உரத்துக் கேட்டாள்.

கேள்வி கேட்டவர் பதிலுக்குக் காத்திருப்பதே பண்பு. பெரியவளும் காத்திருந்தாள். மிதவை கடந்துபோயிற்று, அதற்கப்பால் மூன்று படகு நீளமும் கடந்துபோயிற்று. தான் யாரைக் கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்தபோது, பதறிப்போய்ப் படகைத் திருப்பினாள். ஆயினும் அத்திருப்பம் அழகாகவே அமைந்தது. மறுபக்கம் தாவினாள், கம்பியில் மாட்டினாள், சாய்ந்தாள். பிறகு, நான்கு ஆண்டுப் பழக்கத்தின் முழு மரியாதையோடு, பாயின் கயிற்றை முன்னால் நீட்டி, விட்டுவிட்டாள்.

பாய் படபடத்தது. பிடிப்பாரற்ற மாப்பிள்ளை அவமதிக்கப்பட்டவன்போல் நிமிர்ந்து, ஒரு கணம் யோசித்து, அவள் தலைமேலேயே கவிழ்ந்தது.

நீருக்கு மேலே வந்தபோது, கரையிலிருந்து பல் மருத்துவரின் குரல் தெளிவாகக் கேட்டது. "யாருக்குங்க கயிறக் குடுக்குறா?"

"எனக்கும் அதான் புரியல டாக்டர்" என்றது தந்தையின் குரல்.

மீட்புப் படகில் சிலேட்டுக் குச்சி கிறீச்சிட்டது.

இரண்டாம் மிதவையில் அவள் கேள்வி கேட்கவில்லை. கயிற்றை மட்டும் நீட்டினாள். மூன்றாவதில், கை நீளக் கூடாது என்று கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததால் கம்பியில் மாட்ட மறந்து, வெறும் காற்றில் சாய்ந்து நீரில் விழுந்தாள், படகும் கவிழ்ந்தது. இரண்டாம் சுற்றின் முதல் மிதவையான நான்காவதில் கேள்வியும் கேட்டாள், பதிலுக்கும் காத்திருந்தாள், கயிற்றையும் நீட்டினாள். ஒவ்வொரு முறையும் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகைமேல் ஏறி நின்று, உடல் எடையெல்லாம் கொடுத்து அதை நிமிர்த்த வேண்டியிருந்தது. எடை போதவில்லை. இன்னும் ஒரு மூட்டை மணலாவது இருந்திருக்கலாம் என்ற எண்ணம் வந்தது. வந்த எண்ணத்தை அவள் வெறுப்போடு நீரில் துப்பினாள்.

நான்காம் முறை நிமிர்த்த இரண்டு முயற்சிகள் வேண்டியிருந்தன. ஐந்தாம் முறை கவிழ்ந்தால் நிமிர்த்த வலு இராது என்பது அவளுக்கு ஐயமின்றித் தெரிந்தது. அப்போதுதான் காற்றின் முரட்டு வீச்சொன்று ஏரியைக் கருக்கிக்கொண்டு வந்தது. ஐந்தாம் மிதவையும் வந்தது. கேட்கக் கூடாதென்று உதட்டைக் கடித்திருந்தாள். இருந்தும் அது வெளிவந்துவிட்டது, பாதி உடைந்த குரலில்.

"ரெடியா?"

"ரெடி ரெடி, உயிர வாங்காத" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

படகு வெண்ணெயில் கத்திபோல் திரும்பியது. அவள் தாவினாள், மாட்டினாள், சாய்ந்தாள். கயிறு அவள் கையிலேயே இருந்தது. யாரோ தன்னோடு இருக்கையில் செய்ததையெல்லாம் கைகள் தாமாகவே செய்து முடித்துவிட்டன. மூன்று வாரமாகத் தன்னிடம் பேசாத குரல் அது என்பது அதன் பிறகே அவளுக்குப் புலப்பட்டது.

மீட்புப் படகில் எந்திரத்தின் ஒலி தணிந்தது. காற்று அங்கிருந்து வீசியதால் ஒரு சொல்லும் தவறவில்லை.

"இப்ப என்ன சொன்னே?"

"உங்ககிட்டத்தான் சொன்னேன் சார்."

"என்கிட்ட எதுக்கு ரெடி?"

"எழுத ரெடி சார்."

"உயிர வாங்காதன்னது?"

"அதுவும் உங்ககிட்டத்தான் சார்."

"கரைக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார் செயலாளர்.

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் சிலேட்டைத் தன் வாயின்மேல் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். மூக்கின் நுனியில் வெள்ளையாகச் சுண்ணம் ஒட்டியிருந்தது.

எஞ்சியது ஒரே மிதவை. இனி அந்தக் குரல் வாராது. பெரியவள் மூச்சை இழுத்து, "ரெடியா?" என்று கேட்டாள். பிறகு, சின்னவளின் கீச்சுக் குரலில், சின்னவளின் அதே சலிப்போடு, "ரெடி ரெடி, உயிர வாங்காத" என்று தானே பதிலும் சொன்னாள். படகு திரும்பியது. கயிற்றோடு முன்னால் நீளத் தொடங்கிய கை, "எங்க நீட்டற, நீயே வெச்சுக்க" என்ற அதட்டலைத் தன் வாயிலிருந்தே கேட்டு, நெஞ்சருகே திரும்பி வந்தது. நிறுத்தினால் கவிழ்ந்துவிடுவோம் என்று அஞ்சி, கரைவரைக்கும் அவள் அக்குரலிலேயே பேசிக்கொண்டு போனாள். பூனையின் தும்மலுக்குத் தூசி காரணமன்று, பொறாமையே காரணம் என்றாள். கணக்கு ஆசிரியையின் முடி விபத்துதான் என்றாள்.

"சார், நான் இப்படியா பேசறேன்?" என்று பின்னால் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் வேகமா" என்றார் செயலாளர்.

முழங்கால் ஆழத்தில் படகை நிறுத்தி அவள் இறங்கியபோது, தந்தை கைதட்டத் தொடங்கி, வேறு எவரும் தட்டாததைக் கண்டு, ஈரம் உதறுபவர்போல் கைகளை உதறிக்கொண்டார். பல் மருத்துவர் தலைக்கவசத்தின் வாரை மாட்டினார். செயலாளர் சாய்தளத்தில் நடந்துவந்து, தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்தார்.

"ஒரே ஒரு கேள்வி. அந்த 'ரெடி' காதுல விழுந்துச்சான்னு நான் கேக்கல. அது விழுந்திருக்கும். உனக்கு உதவியா இருந்துச்சா, இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

பெரியவள் யோசித்தாள். இல்லை என்பது ஒரே சொல். அதைச் சொன்னால் மாப்பிள்ளை அவளுடையது. முன்பு காலை உணவின்போது இதையேதான் அவள் இதைவிட நீளமாகச் சொன்னாள். இப்போது சுருக்கமாகச் சொன்னால் போதும். சின்னவள் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, சாய்தளத்துப் பாசியைக் கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா" என்றாள் சின்னவள், தலை நிமிராமலே. "இல்லன்னு சொல்லச் சொல்லுங்க."

தந்தை இருவரையும் பார்த்தார். "இல்லன்னு சொல்லச் சொல்றாம்மா."

"எனக்கும் காது கேக்குதுப்பா" என்றாள் பெரியவள். பிறகு செயலாளரைப் பார்த்துச் சொன்னாள்: "இருந்துச்சு சார். அது இல்லன்னா அஞ்சாவது தடவையும் கவுந்திருப்பேன். அதுக்கப்புறம் நிமித்தியிருக்க முடியாது."

மாப்பிள்ளையின் பாய் மட்டும் தன்னை ஒருவரும் கவனிக்கவில்லையென்று படபடத்தது.

"லூசு" என்றாள் சின்னவள். மூன்று வாரங்களுக்குப் பிறகு அக்காவின் முகத்துக்கு நேராக அவள் சொன்ன முதற்சொல் அது.

செயலாளர் சட்டைப் பையிலிருந்து விதிநூலை எடுத்தார். வெளியுதவி என்ற பகுதியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். மீண்டும் அணிந்து படித்தார். எப்படிப் படித்தபோது தெளிவாயிருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. பல் மருத்துவர் வெயில் தாளாமல் கழுத்துப் பூட்டை ஓர் அங்குலம் கீழே இறக்கினார்.

ஒரு காற்று வீச, படகு பின்வாங்கி ஏரிக்குள் போகப் பார்த்தது. பெரியவள் சுக்கான் பக்கம் விரைந்து அதைப் பிடித்துக்கொண்டு, பாயின் கயிற்றைப் பார்க்காமலே முன்னால் நீட்டினாள். சிலேட்டு கீழே வைக்கப்படும் ஒலி கேட்டது. காலணிகளோடே யாரோ நீரில் இறங்கும் ஒலியும் கேட்டது. கயிறு அவள் கையிலிருந்து, வழக்கம்போல், வாங்கப்பட்டது.

எழுதும் ஆள் நீருக்குள் போய்விட்டதால் செயலாளரே குனிந்து சிலேட்டை எடுத்தார். முடிவு என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அதன் கீழே எழுதினார்: ஓட்டம் முடிந்த நேரம், மாலை நான்கு மணி இருபத்திரண்டு நிமிடம்.