மூன்றாவது அடியின் சுரம்

1913 மார்ச்சில் ஜெஃப்ரி ஹேஸல் எங்கள் ஊர் வயலோரம் சைக்கிளை நிறுத்தியபோது, ரூபன் லார்வுட் இரண்டு குதிரைகளைப் பூட்டிப் பாடிக்கொண்டே உழுதுகொண்டிருந்தான். ஹேஸல் லண்டனில் இசையமைப்பாளர். நார்ஃபோக் கிராமங்களில் ஜனங்கள் பாடுவதைக் குறித்துக்கொண்டு போய், அதை வைத்துப் பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதுகிறவர். நான் ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. வழி காட்ட அவரோடு வந்திருந்தேன்.

“இதை எழுதிட்டுப் போய் என்னய்யா பண்ணப் போறீங்க? என் குதிரையே காதை மடக்கிக்குது” என்றான் ரூபன்.

சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி ஹெஸ்டர், “குதிரைக்கு உன்னைவிட ஞானம் ஜாஸ்தி” என்றாள்.

மூன்று தடவை பாடவைத்தும், மூன்றாவது அடியின் கடைசிச் சுரம் மட்டும் ஹேஸலுக்குப் பிடிபடவில்லை. அது பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கோ போய் நின்றது. நோட்டில் அங்கே ஒரு கேள்விக்குறி போட்டார். உழவன் சுரம் தவறிவிட்டான் என்று நினைத்து, ஊர் திரும்பும் ரயிலில் அதை அடித்துவிட்டுப் பக்கத்துச் சுரத்தை எழுதிக்கொண்டாராம். பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

பிறகு யுத்தம் வந்தது. 1917-இல் ரூபன் உயிரோடு திரும்பினான். விஷவாயு தொண்டையை அரித்திருந்தது. தண்ணீர் கேட்கக்கூட ஹெஸ்டரின் கையைத் தட்டுவான். பதினோரு மாதம் அப்படி இருந்து, இருமி இருமிச் செத்தான்.

1920 மே மாதம் ஹேஸலிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. சதுப்பு நிலத்தின் காற்று, நாணல், வானம்பாடி, நடுவில் ரூபனின் பாட்டு என்று ஒரு படைப்பை முடித்திருந்தார். நாரிச் நகரில் பிற்பகல் கச்சேரி. ஹெஸ்டரை அழைத்துவரச் சொன்னார்.

“எனக்கெதுக்கு டீச்சரம்மா அதெல்லாம்?” என்றாள் ஹெஸ்டர். ஆனாலும் கறுப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வயலின்கள் காற்றைப்போல மெல்ல எழுந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு ஓபோ என்கிற குழல் ஒன்று தனியாகப் பாட்டை எடுத்தது. ஹெஸ்டர் தலையைத் தூக்கினாள். மூன்றாவது அடியில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அடுத்து வாத்தியக் குழுவின் எழுபது பேரும் சேர்ந்து அதையே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். நானும் பின்னால் ஓடினேன்.

கைதட்டல் முடிந்ததும் ஹேஸல் எங்களைத் தேடிப் படிக்கட்டுக்கு வந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“பிடிக்கலியாம்மா?”

“நல்லாத்தான்யா இருந்துச்சு. ஆனா மூணாவது அடியில அவரு அப்படிப் பாடமாட்டாரு. நீங்க அதை நிமுத்திட்டீங்க.”

ஹேஸலின் முகம் வெளுத்தது. “தெரியும்மா. தப்பு என்னோடது. அவர் பாடின மாதிரி ஒரே ஒரு தடவை பாடிக் காட்டுங்க. இப்பவே மாத்திடறேன்.”

ஹெஸ்டர் வாயைத் திறந்தாள். முதல் அடி வந்தது, இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் நின்றாள். மறுபடி ஆரம்பித்தாள். அப்போதும் ஓபோ வாசித்த சுரம்தான் வந்தது.

“வரலையே” என்றாள். “காலைல வரைக்கும் இருந்துச்சே.” படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். “அவரு போட்டோ ஒண்ணுகூட கிடையாது ஐயா. அந்தக் குரலை மட்டுந்தான் காதுக்குள்ள வச்சிருந்தேன். இப்போ உங்களோடதுதான் கேக்குது.”

ஹேஸல் என்னைப் பார்த்தார். எனக்கும் நினைவில் இல்லை.

படைப்பைத் திரும்பப் பெற அவர் முயன்றார். அதற்குள் அச்சாகி நாலு நகரங்களுக்குப் போயிருந்தது. எல்லோருக்கும் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு அவர் எந்தக் கிராமத்துக்கும் நோட்டுடன் போகவில்லை. ஹெஸ்டர் அந்த இலையுதிர் காலத்தில் லோஸ்டாஃப்ட் துறைமுகத்துக்கு மீன் அரியும் வேலைக்குப் போனாள். அங்கே பெண்கள் எல்லோரும் வேலை செய்துகொண்டே பாடுவார்களாம். இவள் மட்டும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மீனை அரிந்துகொண்டிருப்பாள் என்று கேள்விப்பட்டேன்.