முகம் காட்டிவிட்டு உள்ளே வாருங்கள்

கொழுந்தன் பின்வாசல் கதவின் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே முன்வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அண்ணி, வந்துட்டானுங்க. நீங்க வாசல்ல நின்னு ஏதாவது பேச்சுக் குடுங்க. நான் அண்ணனை இப்படியே பின்பக்கமா தூக்கிட்டுப் போயிடறேன்."

"தூக்கறதுக்கு முன்னால உன் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா."

"எதுக்கு?"

"அடுத்து உன்னைத் தூக்க ஆள் பார்க்கணுமில்ல?"

இரும்பை வளைத்துப் பழகிய வெல்டர் அவன். திருப்புளியைக் கீலிலிருந்து எடுத்தான்.

"அப்ப எதிர்வீட்டுத் தையல்காரரைக் கொண்டுபோன மாதிரி, யாரு எவன்னு தெரியாத வெள்ளை உடுப்புக்காரனுங்க அண்ணனை மூட்டை கட்டிட்டுப் போவானுங்க. நாம வேடிக்கை பார்க்கணுமா?"

அவள் அறைப் பக்கம் திரும்பினாள்.

அறைக்குள் கட்டிலில் கணவன் கிடந்தான். விடியும்போது உயிர் போயிருந்தது. இறந்த உடம்பைத் தொட்டாலும் இந்தக் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும். அவன்தான் ஊருக்கெல்லாம் அதைச் சொன்னவன். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிடக்கூட முடியாமல் அவள் நிலைப்படிக்கு இப்பால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

அவன் வேன் ஓட்டுகிறவன். ஓய்வு நாளில் அதே வேனில் மைக் கட்டி வெங்காயம் விற்பான். நோய் பரவியதும் மருத்துவ முகாம்காரர்கள் அறிவிப்புக்கு அவனைக் கூப்பிட்டார்கள். அவனோ வெங்காயம் விற்ற அதே குரலில், "காய்ச்சலா? ஓடியாங்க, ஓடியாங்க! மறைச்சா நஷ்டம், வந்தா லாபம்!" என்று கூவினான்.

"வியாதியையா கூவி விக்கறீங்க?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சிரிச்சாதான்டி கதவைத் திறப்பாங்க."

திறக்கத்தான் செய்தார்கள், எதிர்வீட்டுத் தையல்காரர் சாகும்வரை. அன்று வந்தவர்கள் நேரத்தை மிச்சம் பிடிக்க முகாமிலேயே கவசம் மாட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசாமல் உடம்பைப் பையில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். உடம்பை என்ன செய்தார்களோ என்ற பேச்சு கிளம்பிவிட்டது. அதன்பிறகு தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. நேற்று இவள் கணவனுக்காக வந்த ஆம்புலன்ஸை எல்லோருமாகக் குறுக்கே நின்று திருப்பி அனுப்பினார்கள். முன்னால் நின்றவள் தையல்காரர் மனைவி. அவளுடைய தம்பி காய்ச்சலில் கிடப்பது தெருவுக்கே தெரியும். அவனையும் பிடித்துப் போய்விடுவார்கள் என்று அவளுக்குப் பயம்.

இவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

தலை முதல் கால் வரை மூடிய நான்கு பேர். இரண்டு பக்கமும் தெருவே நின்றிருந்தது.

"நில்லுங்க. நீங்க யாரு?"

"முகாம்லேர்ந்து வர்றோம்மா."

"எங்கேருந்து வர்றீங்கன்னு கேக்கல. யாருன்னு கேக்கறேன். அதைக் கழட்டிட்டு மூஞ்சியைக் காட்டுங்க. அப்புறம் எல்லாரும் பார்க்க இங்கேயே மாட்டிக்கிட்டு உள்ள வாங்க."

"கழட்டினா மறுபடி புதுசுதான் போடணும்."

"வண்டியில இல்லையா?"

"இருக்கு."

"அந்த மனுஷன் உங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினாரு. அவருக்காக ஒரு தடவை உடுப்பு மாத்தக் கூடாதா?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உயரமானவன் முதலில் கழற்றினான். முகமெல்லாம் வியர்வை.

"டேய், நீ மீன் மார்க்கெட்ல ஐஸ் உடைக்கிறவன்தானே?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஆமாண்ணே. மார்க்கெட்டைத்தான் இழுத்து மூடிட்டாங்களே."

"அங்க மீனைத் தூக்கிப் போடற மாதிரி போட்டுடாதடா."

"உன்னைத் தூக்கும்போது அப்படிப் போடறேன்ணே."

யாரோ சிரித்து, உடனே வாயை மூடிக்கொண்டார்கள். மற்ற மூவரும் கழற்றினார்கள். ஒருவர் சவரக்கடைக்காரர், இன்னொருவர் லாரி கிளீனர். நான்காவது ஆள் ஒரு பெண், பாலர் பள்ளி ஆயா.

புதுக் கவசங்களைப் பிரிக்கும்போது தையல்காரர் மனைவி முன்னால் வந்தாள்.

"எங்க வீட்டுக்கு வந்ததும் நீங்கதானா?"

"ஆமாக்கா. தலைமாட்டுல நான்தான் பிடிச்சேன்," என்றான் ஐஸ்காரன். "அவரு கழுத்துல அளவு டேப் கிடந்துச்சு. எடுக்கவான்னு இந்த ஆயாம்மாகிட்ட கேட்டேன். அவரோடவே போகட்டும்னாங்க. அப்படியே விட்டுட்டோம்."

"வீடு பூரா தேடினேன்..." என்றாள் அவள்.

உள்ளே போனார்கள். பையை மூடும் முன் முகம் மட்டும் தெரிய வைத்து, அவள் பார்க்க நிலைப்படியருகே கொண்டுவந்து இறக்கினார்கள். யாரும் சொல்லாமலே ஆயா உறைபோட்ட விரலால் அவன் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"போதும்னு நீங்க சொன்னதும் மூடறோம்மா."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையசைத்தாள்.

கொழுந்தன் திருப்புளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "நான் கூட வரலாமா?"

"பின்னாலேயே வாங்க. எட்ட நின்னு மண்ணு போடலாம்," என்றாள் ஆயா. "அம்மா, நீங்க பக்கத்துலயே இருந்து பார்த்தவங்க. கொஞ்ச நாள் வாசப்படி தாண்டக் கூடாது."

வண்டி கிளம்பப் போனது. தையல்காரர் மனைவி அதன் கதவைத் தட்டினாள்.

"தம்பி, என் கூடப்பொறந்தவன் உள்ள கிடக்கான். உசுரோடதான் இருக்கான்."

"அதுக்கு வேற வண்டிக்கா. இப்பவே வரச்சொல்றேன்," என்று ஐஸ்காரன் போனை எடுத்தான். "உங்களையும் வீட்டுக்குள்ளயே இருக்கச் சொல்லுவாங்க."

"இருந்துக்கறேன்."

ஆம்புலன்ஸ் வந்தது. அவனைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு போனது. இந்தத் தடவை யாரும் குறுக்கே நிற்கவில்லை.

மருந்துத் தண்ணீர் தெளித்த தெரு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கூட்டம் கலைந்துவிட்டது. தையல்காரர் மனைவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தன் வாசற்படிக்கு உள்ளே போட்டு உட்கார்ந்தாள். இவள் வீட்டையே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, நாற்காலியைப் படியின் விளிம்பு வரை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இவள் உள்ளே போனாள். ஸ்டூலைத் தூக்கி வந்து, எதிரே தன் படியின் விளிம்பில் போட்டாள்.