கிளறுகிற கையால் எழுதக் கூடாது

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு சட்டி காப்பிக்கொட்டையைக் கருக்கினேன். கருக்கியதற்குக் காரணம் இந்தக் கதை. எதிலிருந்து எது வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், சந்தோஷத்தில் எனக்கே தலை சுற்றுகிறது.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "வீட்டில் காப்பிக்கொட்டை வறுப்பது ஒரு தவம்." அடித்துவிட்டேன். தவம் செய்கிறவன் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மைத்துனனுக்குப் போன் போடுவதில்லை.

இரண்டாவது: "ஐம்புலன்களில் மூக்குக்கு மட்டும்" [முடிக்கவில்லை. கட்டுரை வாடை அடித்தது.]

மூன்றாவது உண்மை என்பதால் வைத்துக்கொண்டேன்: என் மனைவிக்கு எட்டு மாதமாக வாசனை தெரியவில்லை.

2

அவள் பேக்கரியில் அடுப்புக்குப் பொறுப்பு. பொறுப்பாக இருந்தாள் என்று திருத்திக்கொள்ளுங்கள். ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ரொட்டி வெந்துவிட்டதா என்று கடிகாரம் பார்த்துச் சொல்கிறவள் இல்லை அவள், முகர்ந்து சொல்கிறவள். மூன்று தட்டு ரொட்டி கருகியதும் முதலாளி அவளை அட்டைப்பெட்டி மடிக்கிற மேசைக்கு மாற்றினார். மூக்கு திரும்பினால் அடுப்பும் உனக்குத்தான் என்று மரியாதையாகவே சொன்னாராம். அன்று வீட்டுக்கு வந்த பிறகும் அவள் கை தானாக எதையாவது மடித்துக்கொண்டே இருந்தது. என் பிழைதிருத்தத் தாள்களில் நான்கு பெட்டியாகிவிட்டன. [அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். அடைப்புக்குறி போடுவது தொழில் வியாதி.]

தினமும் எதையாவது முகரச் சொன்னார் டாக்டர். கிராம்பு, எலுமிச்சைத் தோல், சோப்பு. ஒன்றும் பலிக்கவில்லை. காப்பிக்கொட்டை வறுக்கிற புகைக்கு மசியாத மூக்கு உலகத்தில் உண்டா என்று எனக்கு உதித்தது. அவளுடைய தம்பிக்குக் காப்பிக் கிடங்கில் வேலை. இதில் பழம் தின்று கொட்டை போட்டவன். பச்சைக் கொட்டை இரண்டு கிலோ கொண்டுவந்தான்.

"ரொம்ப சுலபம் மாமா. இரும்புச் சட்டி, மரக்கரண்டி, ரெண்டு காது. முதல்ல மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும். அப்புறம் சத்தமா வெடிக்கும். அந்த வெடி அடங்கினதும் இறக்கி, சல்லடையில கொட்டி விசிறிடணும். ரெண்டாவது வெடி வரைக்கும் விட்டீங்க, கரிதான்."

"கை வலிச்சா?"

"வலிக்கட்டும். கிளறுறத மட்டும் நிறுத்தாதீங்க."

3

இந்த மைத்துனனை இன்னும் கொஞ்சம் கோமாளி ஆக்கினால் கதை கலகலப்பாக இருக்குமே என்று யோசித்தேன். தாளை எட்டிப் பார்த்த மனைவி சொன்னாள்: "கோமாளிதானே வேணும்? சட்டிக்கு முன்னாடி ஒருத்தர் நின்னாரே, அவரை எழுதுங்க."

எழுதுகிறேன். நேற்றுக் காலை. அவள் படுக்கையறையில், கதவு சாத்தியிருந்தது. சட்டியில் கொட்டை மஞ்சளானது, ஈர வைக்கோல் வாடை வந்தது. பழுப்பானது. மேல்தோல் உரிந்து பறந்து என் தலைமுடியெல்லாம் உமி. பிறகு முதல் வெடி. ஆகா, அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? காதில் செருகியிருந்த பென்சிலை எடுக்கத்தான் கரண்டியைக் கீழே வைத்தேன், ஒரே ஒரு வரிக்கு.

"படக்" — இல்லை. "சடக்" — அது எலும்பு. "சட்டிக்குள் ஐம்பது பேர் ஒன்றாக நெட்டி முறித்தார்கள்." அடடா. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு, அந்த வரிக்கு அடிக்கோடு போட்டேன். அடிக்கோடு முடிவதற்குள் இரண்டாவது வெடியும் வந்து போயிருந்தது. சமையலறை முழுக்கப் புகை.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "என்னங்க, ஏதோ கருகுதே."

4

இங்கே முடித்திருந்தால் நல்ல பிள்ளையாகப் பெயர் எடுத்திருப்பேன். அவளைத் தூக்கிச் சுற்றினேன், அலமாரியில் முட்டிக்கொண்டேன், கரியான கொட்டைக்கு முத்தம் கொடுத்து உதட்டைச் சுட்டுக்கொண்டேன். அவள்தான் சிரிப்பை முதலில் நிறுத்தினாள்.

"மூக்கா, காதான்னு எனக்கே தெரியலையே. வெடிச்சது கேட்டுச்சு. கதவுக்குக் கீழ புகையும் தெரிஞ்சுது."

"மூக்குதான். நான் சொல்றேன்."

"நீங்க சொல்லி என்ன? முதலாளி முன்னாடி நான்ல சொல்லணும்."

ஆகவே மாற்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதல் முடிவில் அவள் அடுப்புக்குத் திரும்பி, முதலாளி கண்கலங்குகிறார். "அவரா?" என்று கேட்டு அந்த வரியை அடித்துவிட்டாள். இரண்டாவதில் அவள் பெட்டி மடிப்பதிலேயே நிம்மதி கண்டு [இதை அவள் முழுதாகப் படிக்கவில்லை. தாள் பெட்டியாகிவிட்டது.]

"முடிவு என்னோடது. நீங்க திருத்தக் கூடாது," என்றாள்.

5

ஏற்பாடு அவளுடையது. குளியலறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது. கண்ணில் துண்டு கட்டியிருக்கிறாள். காதை ஏமாற்றக் குழாயை வாளிக்குள் முழுக்கத் திறந்துவிட்டிருக்கிறாள்.

"இறக்குற பதம் வந்ததும் குழாயை மூடுறேன். கருகின பிறகு மூடினா கணக்கில்ல. சரியா மூடினா நாளைக்கு அடுப்பைக் கேட்கிறேன். இல்லன்னா பெட்டிதான். அழ மாட்டேன்." சொல்லும்போதே துண்டை அவசரமாக இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

இடது கையில் கரண்டி, வலது கையில் பென்சில். கொட்டை மஞ்சள் தாண்டிவிட்டது. எனக்குப் பயமாகவும் இருக்கிறது, குதிக்க வேண்டும்போலவும் இருக்கிறது. குழாய் ஓடுகிறது. பழுப்பு. குழாய் ஓடுகிறது. முதல் நெட்டி. இதோ ஐம்பது பேரும். இப்போது கொஞ்சம் அடங்குகிறது, குழாய் இன்னும்

இல்லை. நேற்றும் இந்த இடத்தில்தான் கையை நிறுத்தினேன். பென்சிலைக் கீழே வைக்கிறேன். கொட்டையை நான் பார்த்துக்கொள்கிறேன், குழாயை நீங்கள் கேளுங்கள்.