ஹார்லன் நின்ன மூலை

இன்னிக்கு யாருக்காகவும் நிக்கப்போறதில்ல. அந்த முடிவோடதான் ஹார்லன் ஸ்கூல் ஜிம்முக்குள்ள நுழைஞ்சாரு. ஆனா பொண்டாட்டி மார்லிஸ்கிட்ட அதச் சொல்லல. கார்ல வர்ற வழி முழுக்க சொல்லலாம் சொல்லலாம்னு வாயத் தொறந்து, கடைசில "ஹீட்டர் சரியா வேலை செய்யல போல"ன்னு முடிச்சுட்டாரு.

அமெரிக்காவுல இந்த அயோவா மாநிலத்துல, ஜனாதிபதி எலெக்‌ஷனுக்கு வேட்பாளரத் தேர்ந்தெடுக்கற கட்சிக் கூட்டம்னா ஓட்டுச் சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது. உனக்கு எந்த வேட்பாளர் வேணுமோ அவங்களுக்குன்னு ஒதுக்கின மூலையில போய் நிக்கணும். தல எண்ணுவாங்க. பல் டாக்டர், பக்கத்து வீட்டுக்காரன், சர்ச்சுல பக்கத்துல உக்கார்றவன் எல்லாரும் பாத்துட்டிருக்க, பப்ளிக்கா நிக்கணும். ஹார்லன் முப்பத்தோரு வருஷமா பொண்டாட்டி கை காட்டின மூலையில நின்னவரு. மார்லிஸ் சாதாரண ஆளில்ல, இந்தத் தடவ போட்டியிடற கவர்னருக்கு இந்த வார்டுல ஆள் சேக்கற கேப்டன். கழுத்துல விசில் மாட்டாத குறைதான்.

ஹார்லனுக்கு வெறுத்துப்போனது ஒரு பாலத்தால. அவரு ஸ்கூல் பஸ் ஓட்டுறாரு. ஓடை மேல இருக்குற பாலத்த மூடி பதினாறு வருஷமாச்சு, தெனம் பதினோரு மைல் சுத்து. ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் கட்சிலேந்து ஒரு பெரிய ஆளு வந்து அந்தப் பாலத்து முன்னாடி நின்னு "சரி பண்ணிடுவோம்"னு சொல்லிட்டுப் போவாரு. போன மாசம் வந்தவரோட போட்டோக்காரன் சொன்னான், "சார், அந்த ஒடைஞ்ச கம்பி நல்லாத் தெரியணும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க." அன்னிக்கு ஹார்லனுக்கு விட்டுப்போச்சு. சரி, எதிர்க்கட்சிக்குப் போலாம்னா, அவங்களும் அதே பாலம், அதே கம்பி, தொப்பி மட்டும்தான் வேற கலரு.

"எல்லாரும் அவங்கவங்க மூலைக்குப் போங்க"ன்னு டெனிஸ் டீச்சர் மைக்ல சொன்னாங்க. ஊருக்கே அல்ஜீப்ரா சொல்லிக்குடுத்தவங்க, இன்னிக்கு கூட்டத் தலைவி. கையில கால்குலேட்டர்.

மார்லிஸ் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழ கவர்னர் போஸ்டரத் தூக்கிட்டுப் போனா. ஹார்லன் எதிர்ப்பக்கம் நடந்தாரு. அங்க சுவத்துல 'முடிவெடுக்காதவர்கள்'னு ஒரு பேப்பர் ஒட்டியிருந்துச்சு. கீழ ஒருத்தரும் இல்ல. அவரு போய் நின்னாரு.

ஜிம்மே பாத்துச்சு.

"ஹார்லன், பாத்ரூம் அந்தப் பக்கம்"னு பெக்கி கத்தினா. செனட்டர் குரூப்போட கேப்டன், மார்லிஸுக்கு ஆகாது.

"தெரியும் பெக்கி. நான் இங்கதான் நிக்கறேன்."

டீச்சர் எண்ணி முடிச்சாங்க. "மொத்தம் அறுபது. ஒம்போது பேருக்குக் கம்மியா இருக்குற குரூப் கலைஞ்சுடணும். செனட்டருக்கு இருபத்தெட்டு. மேயருக்கு இருபத்திமூணு. கவர்னருக்கு எட்டு. முடிவெடுக்காதவங்க…" கண்ணாடிய ஏத்திவிட்டு மறுபடி எண்ணினாங்க, ஒரு ஆள என்ன எண்ணுறதோ. "ஒண்ணு. பத்து நிமிஷம் டைம். கலையுற குரூப்பு வேற எடத்துக்குப் போகலாம்."

கணக்குல வீக்கான ஆளுக்கும் புரிஞ்சிடுச்சு. கவர்னருக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஒரு ஆள், கேப்டனோட புருஷன்.

பெக்கி ஒரு டப்பா நெறைய பிஸ்கட்டோட ஓடியாந்தா. "எங்க பக்கம் வந்துடு ஹார்லன். எலுமிச்சம்பழம் போட்டது."

ஹார்லன் ரெண்டு எடுத்துக்கிட்டாரு, நகரல. "நல்லாருக்கு பெக்கி."

"தின்னுட்டு நிக்கறியே, வெக்கமா இல்ல?"

"நீதான குடுத்த."

அதுக்குள்ள மார்லிஸ் வந்துட்டா. பெக்கி தானா வெலகிட்டா. மார்லிஸ் கொரலக் கொறச்சுப் பேசினா, அவ கொரலக் கொறச்சா நெலம மோசம்னு அர்த்தம்.

"ஒரே ஒரு ஆளு, ஹார்லன். என்ன வெளையாட்டு இது?"

"வெளையாட்டில்ல. இந்தக் கட்சி மேல எனக்கு நம்பிக்க போயிடுச்சு."

"முப்பத்தோரு வருஷம் நின்னியே, அது?"

"கட்சிக்காகவா நின்னேன்? நீ கை காட்டின, நின்னேன்."

மார்லிஸ் போஸ்டரக் கீழ எறக்கினா. "அப்போ நம்ம ஆளு தோத்தப்ப சமையக்கட்டுல ஒக்காந்து அழுதியே?"

"நீ அழுதுட்டிருந்த. ஒன்ன விட்டுட்டு நான் மட்டும் டிவி பாக்கறதா?"

"இத்தன வருஷம் எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல. நான் எங்க நிக்கணும்னு நீ ஒரு தடவகூட கேக்கல, மார்லிஸ்."

"ரெண்டு நிமிஷம்"னு டீச்சர் சொன்னாங்க.

இப்ப மார்லிஸ் ஒரு வார்த்த 'வா'ன்னா, காலு தானா நடந்துடும்னு ஹார்லனுக்கே தெரியும். சுவத்துல சாஞ்சுக்கிட்டாரு, அது புடிச்சுக்கும்ங்கற மாதிரி.

மார்லிஸ் அவரப் பாத்தா. கூடைப்பந்து வளையத்தப் பாத்தா. அப்புறம் கவர்னர் போஸ்டர மடிச்சு கக்கத்துல வச்சுக்கிட்டு, "தள்ளு"ன்னா.

"எங்க?"

"கொஞ்சம் தள்ளி நில்லேன். நானும் இங்கதான் நிக்கப்போறேன்."

ஹார்லன் கையில மிச்சமிருந்த பிஸ்கட்ட நீட்டினாரு. "பெக்கியோடதா? வேணாம்"னா.

இங்கதான் ஒரு சிக்கல். மார்லிஸ் எங்க போனாலும் அங்க போறதுக்குப் பழகின ஏழு பேரு இருந்தாங்க. அவங்களும் வரிசையா நடந்து வந்து இந்த மூலையில நின்னுட்டாங்க. அதுல ஒருத்தர், "இப்ப நாம யாரு?"ன்னு கேட்டாரு.

"ஒம்போது பேரு"ன்னாங்க டீச்சர். "முடிவெடுக்காதவங்க குரூப்பு செல்லும். மார்ச் மாசம் நடக்குற கட்சி மாநாட்டுக்கு ஒங்க சார்பா ஒரு பிரதிநிதி வேணும்."

ஏழு கையும் ஹார்லனக் காட்டுச்சு.

"டீச்சர், நான் கட்சிய விட்டுப் போலாம்னு வந்தேன்."

"தாராளமா. மாநாடு முடிஞ்சதும் போங்க. ஒங்க பேருக்கு ஸ்பெல்லிங் என்ன?"

அதுக்குள்ள மார்லிஸ் அட்டையும் பேனாவும் எடுத்துட்டா. எல்லாரோட போன் நம்பரும் வாங்கினா. போட்டோவுக்கு வரிசையா நிக்கச் சொன்னா, குட்டையானவங்க முன்னாடி, நெட்டையானவங்க பின்னாடி.

"ஹார்லன், நீ அந்தக் கடைசிக்குப் போ."

அவரு போகல. சுவத்துல சாஞ்சு அப்படியே நின்னாரு.

மார்லிஸ் பேனாவக் காதுல சொருகிக்கிட்டு அவர ஒரு பார்வ பாத்தா. அப்புறம் மத்த ஏழு பேரையும் தள்ளித் தள்ளி, அவரு நின்ன எடத்துக்கு நேரா வரிசைய மாத்தினா.