முதல் கிள்ளு

கிணற்றிலிருந்து எட்டாவது வாளியை இழுக்கும்போதும் பிரஷாந்தியின் இடது முழங்கை இடுப்போடு ஒட்டியே இருந்தது. சேலைக் கொசுவத்துக்குள் ஒரு கடதாசிப் பொட்டலம், அதற்குள் அரை ரொட்டி. அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டு முற்றத்தில் ஆண்கள் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பொட்டலம் நழுவிவிடுமோ என்ற பயத்தில் அவள் அரைவாளி அரைவாளியாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வாளிய என்னட்டத் தாகா," என்று அன்னப்பூரணி மாமி வந்து கயிற்றை வாங்கினாள். அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. "நேத்துப் பின்னேரத்திலிருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கல்ல நீ. போய் உள்ள இரி."

பிரஷாந்தி போகவில்லை. "மாமி, சாப்பிட்ட மிச்சத்தச் சாமிக்கு வைக்கலாமா?"

மாமி கயிற்றைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள். "எச்சில் பட்டதையா? அதுவும் செத்த வீட்டுத் துடக்கோடயா? முப்பத்தொண்டாம் நாள் கழியாம கோயில் பக்கம் போக ஏலுமா? என்ன கேள்வி புள்ள இது, கட்டாடியார்ர மகள் கேட்கிற கேள்வியா?"

அவளுக்குத் தெரியாததில்லை. தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்டால் கொஞ்சமாவது மாறிவிடும் என்று நினைத்துத்தான் கேட்டாள்.

அப்பா வல்லிபுரம் அந்த வாவிக்கரை ஊரில் முப்பத்தெட்டு வருஷம் கட்டாடியாராக இருந்தவர். கட்டாடியார் என்றால் பூணூல் போட்ட ஐயர் அல்ல. மற்ற நாளெல்லாம் நெல் விதைப்பார், வாவியில் வலை வீசுவார். வருஷச் சடங்குக்குக் கோயில் கதவு திறந்தால் அம்மனுக்கும் வைரவருக்கும் மடைப் படையல் வைப்பார். வைரவர் ஒரு கல்தான். இவர்கள் வீட்டுக் குசினி வாசலிலிருந்து பார்த்தால் ஐம்பது அடியில், ஆலமரத்தின் கீழ். அவருடைய மடையில் சாராயமும் கஞ்சா ரொட்டியும் இருக்கும். இலையை வறுத்துப் பொடித்து, அரிசிமாவோடும் சர்க்கரையோடும் பிசைந்து, தணலில் சுட்ட சின்ன ரொட்டி. தெய்வமாடுகிறவர்கள் அதைத் தின்றுவிட்டுத்தான் ஆடுவார்கள். அப்பா எல்லாம் முடிந்தபின் ஒரு கிள்ளு வாயில் போடுவார், அதோடு சரி. முதல் கிள்ளு சாமிக்கு. அதை வைக்காமல் கட்டாடி நாவில் வைக்கக்கூடாது. அதில் மட்டும் அவரோடு யாரும் பேரம் பேச முடியாது.

அவர் வீட்டுக் கோடியில் வளர்த்த கஞ்சாச் செடியை வேரோடு பிடுங்கியவள் பிரஷாந்திதான். ஆறு வருஷத்துக்கு முன் கோயிலுக்குக் கோபுரம் எழும்பியபோது அவள் பரிபாலன சபையின் செயலாளர். "கஞ்சாக் கோயில் ரீச்சர்" என்று பள்ளிக்கூடத்து ஓய்வறையில் யாரோ சொல்லிச் சிரித்தது அவள் காதில் விழுந்திருந்தது. பொலிஸ் வரும், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், பெரிய கோயில்களில் இதெல்லாம் கிடையாது என்று மூன்று காரணங்களைச் சபைக் கூட்டறிக்கையில் எழுதினாள். நாலாவது காரணம் வெட்கம். அதை எழுதவில்லை. கஞ்சா ரொட்டியை நிறுத்தும் தீர்மானம் நிறைவேறிய அன்றே வந்து செடியைப் பிடுங்கினாள். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"நீ படிச்சவ, புள்ள," என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஒன்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பித்தான் சொன்னார். அந்த வருஷத்திலிருந்து வைரவருக்கு வாழைப்பழமும் பால்பொங்கலும். அதை வைக்கும்போது அப்பாவின் கை தடுமாறும். வயதாகிவிட்டது என்று ஊர் சொன்னது. அவளும் அப்படியே நினைத்துக்கொண்டாள், வசதியாக இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் ஈரலில் கட்டி என்றார்கள். கடைசி இரண்டு கிழமையும் ஆஸ்பத்திரிக் குளிசைக்கு அந்த நோவு மசியவில்லை. கனடாவிலிருந்து தம்பி நிதுர்ஷன் போனில் சொன்னான்.

"இஞ்ச கஞ்சாவக் கடையில வச்சு விக்கிறாங்க அக்கா. பில்லும் போட்டுத் தாறாங்க. வருத்தக்காரருக்கு டொக்டரே எழுதிக் குடுக்கிறார்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பில் போட்டால் மருந்து, அப்பா மண்ணில் நட்டால் ஊருக்கு மானக்கேடு. ஆனால் அந்த மானக்கேட்டைக் கூட்டறிக்கையில் எழுதியவள் தானேதான் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. அடுத்த நாளே பஸ் ஏறி, அப்பாவின் பழைய கூட்டாளியான ஏறாவூர்ச் சரீப் பரிசாரியாரிடம் போனாள். நாட்டு வைத்தியர் அவர். நெடுநேரம் யோசித்துவிட்டு காய்ந்த இலை மடித்த ஒரு சின்னக் கடதாசிச் சரையை அவள் கையில் வைத்தார்.

"இதத் தாறத்துக்கு எனக்கும் பயந்தான் மகள். ஆனா ஒங்கட அப்பாட நோவ நான் வந்து பாத்தன். பாத்திட்டுத் தராம இரிக்க ஏலாது."

நேற்றுக் காலை ரொட்டியைச் சுட்டாள். தட்டில் வைத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தாள். ஆலமரத்தின் கீழ் சபைக்காரர் நாலு பேர் கதிரை போட்டிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். தீர்மானத்துக்குக் கையெழுத்து வைத்த அதே நாலு பேர். அறையிலிருந்து அப்பாவின் முனகல் வந்தது. கன்று போட முடியாத மாடு முனகுவதுபோல இருந்தது. அவள் வாசலிலிருந்தே திரும்பிவிட்டாள். ஐம்பது அடி நடக்கவில்லை.

மணத்தை அப்பா உடனே பிடித்துக்கொண்டார். இரண்டு நாளாக மூடியிருந்த கண் திறந்தது.

"சாமிக்கு வச்சியா புள்ள?"

"ஓம் அப்பா. வச்சிட்டுத்தான் வாறன்."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லும் பிள்ளைகளை அவள் எத்தனையோ தடவை அப்படிப் பார்த்திருக்கிறாள். பிறகு அவர், "நல்லம்," என்றார். "கிணத்துத் தண்ணி கொஞ்சம் அள்ளிட்டு வா. இப்ப அள்ளின தண்ணி."

தலைமாட்டில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. நோயாளி கேட்டால் கேட்டதுதான் என்று தட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது அவர் யன்னல் பக்கமாகச் சரிந்து கிடந்தார். மூச்சு இரைத்தது, நெற்றியெல்லாம் வியர்வை. வெற்றிலை போடுவதை விட்டு மாதக்கணக்கானாலும், பார்க்க வருகிறவர்களுக்கென்று அவர் விலக்கவிடாத வெற்றிலை வட்டா கட்டிலோரத்தில் கொஞ்சம் இழுபட்டிருந்தது. அவரைத் தூக்கிச் சாய்த்து, ரொட்டியைப் பிய்த்துத் தண்ணீரில் தோய்த்து ஊட்டினாள். அரை ரொட்டி உள்ளே போனது. சற்று நேரத்தில் அவர் முகம் தளர்ந்தது. வயல் வட்டைக்குத் தண்ணீர் விட்டாயிற்றா என்று கேட்டார். விட்டாயிற்று என்றாள். அது பொய்யில்லை. அப்படியே தூங்கினார். பின்னேரம் மூன்று மணிக்குப் பார்த்தபோது மூச்சு இல்லை.

தூக்கத்தில் போனார், கொடுத்துவைத்தவர் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். ஆயுளில் ஒரு தடவைகூட மீறாத மனிதரைக் கடைசிச் சாப்பாட்டில் மீறவைத்துவிட்டேனே என்று அவள் நெஞ்சுக்குள் எரிந்தது. யாரிடமும் சொல்லி அழ முடியாத எரிவு. வாய்க்கரிசி போடக் குனிந்தபோது அந்த வாயைப் பார்க்க அவளால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். அரிசி அவர் கன்னத்தில் பட்டுச் சிதறியது.

கோயில் வாசலால் பிரேதம் போகக்கூடாது என்று பெட்டியை வாவிக்கரை ஒழுங்கையால் கொண்டுபோனார்கள். பறைமேளம் தூரத்தில் தேய்ந்தது. பெண்கள் வீட்டைக் கூட்டிக் கழுவத் தொடங்கினார்கள். மாமி மண்டபத்தில் தண்ணீர் ஊற்றினாள். அப்பாவின் அறை பிரஷாந்தியின் பங்கு.

பாயைச் சுருட்டினாள். வட்டாவை எடுத்து வெளியே வைத்தாள். கட்டிலை இழுத்துப்போட்டுக் கூட்டிக்கொண்டு யன்னலடிக்கு வந்தவள், யன்னல் விளிம்பில் ஒரு வெற்றிலை இருப்பதைக் கண்டாள்.

வாடியிருந்தது. காற்றில் பறந்து வந்த இலையல்ல. காம்பு கிள்ளி, நுனியை ஆலமரப் பக்கம் பார்க்க வைத்து, பெருவிரலால் அழுத்திய வெற்றிலை. அதன் நடுவே ரொட்டியின் ஓரத்திலிருந்து கிள்ளிய ஒரு சின்னத் துண்டு. கட்டிலில் கிடப்பவருக்கு அந்த விளிம்பு எட்டாது. எழும்பி, முழங்காலை ஊன்றி, கையை நீட்டினால்தான் எட்டும். பத்து நாளாக ஒருக்களித்துப் படுக்கவும் இரண்டு பேர் உதவி வேண்டியிருந்தவர் அவர்.

தலைமாட்டுச் செம்பு இன்னும் நிறைந்தே இருந்தது.

இடுப்பிலிருந்த பொட்டலம் நழுவி நிலத்தில் விழுந்தது. அவள் குனியவில்லை.

"அந்த அறையும் கூட்டியாச்சாகா?" என்று மாமி மண்டபத்திலிருந்து கேட்டாள்.

"ஓம் மாமி," என்றாள் பிரஷாந்தி. "கூட்டிட்டன்."

கூட்டிய ஈர்க்கில்கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு வெறுங்கட்டிலில் உட்கார்ந்தாள். யன்னல் கம்பிக்கு அடியால் எறும்புகள் நிரையாக வந்து, ரொட்டியைத் துகள் துகளாக எடுத்துக்கொண்டு ஆலமரப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தன.