பதினைந்தாவது ஆள்

டெக்லன் ஹனராஹன் அயர்லாந்துக்காகப் பதினோரு முறை ரக்பி ஆடியவர். மொன்ட்ரியால் மருத்துவமனையில் அவர் அறைக்குள் நுழையும் நோயாளியின் கண்ணில் முதலில் படுவது, நாட்டுக்கு ஆடியவர்களுக்குக் கொடுக்கும் பச்சை வெல்வெட் தொப்பி, சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. அடுத்து அவருடைய இடது காது. ஆட்டங்களில் நசுங்கி நசுங்கிக் காய்ந்த அத்திப்பழம் போல ஆகியிருந்தது. ஆனாலும் அவரிடம் வயிற்றைக் கொடுக்க யாரும் தயங்கியதில்லை. சுத்தமான கை என்று பெயர் வாங்கிய அறுவை மருத்துவர்.

அவருடைய நோயாளிகளுக்கு மயக்கம் கொடுப்பவர் மணிவாசகம். மதுரையில் படித்து, டப்ளினில் இரண்டு வருடம் பயிற்சி எடுத்து, 1968 ஜனவரியில் மனைவி சரளாவோடு மொன்ட்ரியாலில் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் இரண்டு கம்பளிக் கோட்டுகளைக் கையில் போட்டுக்கொண்டு காத்திருந்தவர் ஹனராஹன்தான். சரளாவுக்குக் கொண்டுவந்தது அவர் மனைவியின் கோட்டு. சரளா நடக்க நடக்க அது தரையைக் கூட்டியது. நிர்வாகக் குழுவில் ஒருவர் இந்தியப் பட்டத்தைப் பற்றி இழுத்தபோது, "மணி மயக்கம் கொடுக்கலைன்னா நான் கத்தியைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஹனராஹன் எழுந்து போனார். மறுநாள் மணிவாசகத்துக்கு வேலை உத்தரவு வந்தது.

இப்போது அந்தக் கத்தியை அவர் கையிலிருந்து வாங்கவேண்டியவர் தாம்தான் என்பது மணிவாசகத்துக்குத் தெரியும். தெரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

1973 இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தது. ஒரு குடலிறக்க அறுவையில், தையல் போட்டு முடித்த இடத்துக்கே ஹனராஹன் மறுபடியும் ஊசி கேட்டுக் கை நீட்டினார். தலைமை நர்ஸ் சிமோன் அந்தக் கையில் கத்தரிக்கோலை வைத்தாள். அவர் நூலை வெட்டினார். அதற்கு அடுத்த வாரம் திறந்த வயிற்றின் முன் அப்படியே நின்றுவிட்டார். பத்து விநாடி இருக்கும். நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மணிவாசகம் நடுவே கட்டியிருந்த திரைக்கு மேலே எட்டிப் பார்த்தார். தம் தாளில் குறித்துக்கொள்வது போல உரக்கச் சொன்னார்:

"பத்து இருபது. அடுத்து தமனியைக் கட்டறது. எழுதிக்கலாமா சார்?"

"எழுதிக்கோ" என்றார் ஹனராஹன். கட்டினார். அழகாகக் கட்டினார். கைக்கு எதுவும் மறக்கவில்லை. அடுத்தது எது என்பதுதான் மறந்துபோயிருந்தது.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. மயக்கக் குறிப்புத் தாளில் நாடி, ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து, இவ்வளவுதான் இருக்கவேண்டும். மணிவாசகத்தின் தாள்களில் அறுவையின் ஒவ்வொரு படியும் நேரத்தோடு இருந்தது. புதிதாக வந்த நர்ஸ்கள் இது இந்தியாவில் சொல்லிக்கொடுக்கிற முறை என்று நினைத்துக்கொண்டார்கள். சிமோனுக்குத் தெரியும். அவளும் மணிவாசகமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை, லிஃப்டில் தனியாக இருந்தபோதுகூட.

அடுத்த வருடம் டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊரான லவாலில் இருந்த மணிவாசகம் வீட்டுக்கு ஹனராஹன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். மனைவி இறந்து நாலு வருடமாகத் தனியாக இருந்தார். வந்தால் ரக்பி கதைதான்.

"கார்டிஃப்ல, முதல் பாதியிலேயே ஒருத்தனோட முழங்கால் என் மண்டையில இறங்குச்சு. அதுக்கப்புறம் எதுவும் ஞாபகமில்ல. அப்பல்லாம் மாத்து ஆள் கிடையாதே. நான் வெளியே போனா மிச்சம் பதினாலு பேர்தான். பசங்க விடுவானுங்களா? பக்கத்துல நின்னவன் 'டெக், வலது பக்கம் ஓடு', 'டெக், தள்ளு', 'டெக், இவன் நம்ம ஆள்டா, விட்டுடு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தானாம். கடைசி வரைக்கும் ஆடியிருக்கேன். குளிக்கிற தொட்டியில உட்கார்ந்துக்கிட்டு, யார் ஜெயிச்சாங்கன்னு கேட்டேன்!"

சொல்லிவிட்டு அவரே மேசையைத் தட்டிச் சிரித்தார். மணிவாசகமும் சிரித்தார்.

"இந்த மாதிரி எத்தனை தடவை அடிபட்டிருக்கு?" என்று கேட்டாள் சரளா.

"எண்ணத் தெரிஞ்சவன் எவனும் அந்த ஆட்டத்துக்கு வரமாட்டான்மா."

அவர் போன பிறகு சரளா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "சாம்பாரை மூணு தடவை இது என்னன்னு கேட்டாரு. மூணு தடவையும் நீங்க பேச்சை மாத்துனீங்க."

"வயசாகுதில்ல."

"அம்பத்திமூணு ஒரு வயசா? ஆபரேஷன் தியேட்டர்ல எப்படி இருக்காரு?"

மணிவாசகம் சொன்னார். முதல் முறையாக ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். சரளா குழாயை மூடினாள்.

"அவர் இல்லேன்னா நாம இங்க இல்ல சரளா."

"அது நாம அவருக்குப் பட்ட கடன். மேசையில படுத்திருக்கிறவங்க என்ன பட்டாங்க?"

புது வருடம் பிறந்ததும் நிர்வாகத்திடம் பேசிவிடுவதாகச் சொன்னார். ஜனவரியில் இன்னொரு அறுவை மருத்துவர் டொராண்டோவுக்குக் கிளம்பிப் போனார். அவருடைய நோயாளிகளும் ஹனராஹன் பட்டியலில் சேர்ந்தார்கள். இந்த நேரத்தில் எப்படி என்று மணிவாசகம் ஒரு மாதம் தள்ளிப்போட்டார்.

பிப்ரவரியில் வந்தவள் மதாம் காஞ்ஞோன். மொன்ட்ரியால்-நோரிலிருந்து வந்த நாற்பத்தொரு வயதுக்காரி, கோட்டுத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை. பித்தப்பையில் கல். மயக்க ஊசி ஏறுவதற்கு முன் மணிவாசகத்தின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"முழுக்கக் கூடவே இருப்பீங்களா?"

"இருப்பேன் மதாம்."

இருக்கத்தான் இருந்தார். ஆனால் பத்தே முக்காலுக்கு அவளுடைய ரத்த அழுத்தம் சரிந்தது. ட்ரிப்பை வேகப்படுத்தி, மருந்து ஏற்றி, அவள் நாடியில் விரல் வைத்துக் குனிந்திருந்தார். ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடம் ஹனராஹனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நிமிர்ந்தபோது வயிற்றுக்குள் ஒரு குழாயைக் கட்டி வெட்டியாகியிருந்தது.

"பத்து ஐம்பத்திரண்டு. பித்தப்பைக் குழாய்தானே? எழுதிக்கலாமா சார்?"

"எழுதிக்கோ."

எழுதினார்.

மூன்றாம் நாள் அவள் கண் மஞ்சளாயிற்று. வேறு மருத்துவமனையிலிருந்து வரவழைத்த ஒரு மருத்துவர் திறந்து பார்த்தார். வெட்டுப்பட்டிருந்தது பித்தப்பையின் சின்னக் குழாய் அல்ல, கல்லீரலிலிருந்து இறங்கும் பெரிய குழாய். பன்னிரண்டாம் நாள் மதாம் காஞ்ஞோன் இறந்தாள்.

மருத்துவமனை வைத்த விசாரணைக்கு முந்தின நாள் மணிவாசகம் ஹனராஹன் அறைக்குப் போனார். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். ஹனராஹன் கடைசியில் கேட்டார்:

"அந்தம்மா பேர் என்ன சொன்ன?"

மணிவாசகம் மறுபடி சொன்னார்.

"எத்தனை நாளா இது?"

"எழுபத்திமூணு அக்டோபர்லேருந்து."

ஹனராஹன் தம் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தார். கை நடுங்கவில்லை.

"கார்டிஃப்ல அந்தப் பசங்க ஆட்டத்தை ஜெயிக்கறதுக்காகச் சொல்லிக்கொடுத்தானுங்க. நீ எதுக்குச் செஞ்ச மணி?"

மணிவாசகம் வாயைத் திறந்தார். விமான நிலையமும் கோட்டும்தான் வாய்வரை வந்தன.

"நீ டாக்டர்னு நினைச்சேன்" என்றார் ஹனராஹன். "வெளியே போ."

தாழ்வாரத்தில் சிமோன் நின்றிருந்தாள். நாளைக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை. "என்னையும் சேர்த்துச் சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

விசாரணைக் குழுவில் மூன்று மருத்துவர்கள், குறிப்பெடுக்க ஒரு செயலாளர். தலைவரின் முன்னால் அந்த ஒரு நாளின் மயக்கத் தாள் மட்டும் இருந்தது. அவர் முகத்தில் கவலை இல்லை.

"நல்லவேளை, நீங்க எழுதி வச்சிருக்கீங்க. பித்தப்பைக் குழாய், பத்து ஐம்பத்திரண்டு. சிலருக்கு உள்ளே அமைப்பே மாறியிருக்கும். கைதேர்ந்தவங்களுக்கும் நடக்கிறதுதான். ரெண்டு வரியில முடிச்சிடலாம்."

மணிவாசகம் பையைத் திறந்தார். ஆவண அறையிலிருந்து காலையில் எடுத்துவந்த நூற்றுப் பதினேழு தாள்களை மேசைமேல் வைத்தார். தலைவர் மேலே இருந்த தாளைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். ஐந்தாவது தாளோடு நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அறுவையோட படியெல்லாம் உங்க தாள்ல எதுக்கு இருக்கு?"

"அவருக்கு ஞாபகம் வராது. நான் சொல்லுவேன். அவர் செய்வார்."

தலைவர் தாள்களைச் சேர்த்து அடுக்கி, மணிவாசகம் பக்கமாக மெல்லத் தள்ளினார்.

"டாக்டர், ஏற்கெனவே ஒருத்தர் டொராண்டோவுக்குப் போயாச்சு. இவரும் போனா இங்க அறுக்க ஆள் கிடையாது. அதோட இது பதிவாச்சுன்னா உங்க லைசென்ஸ் முதல்ல போகும். எடுத்த இடத்துல வச்சிடுங்க. நாங்க பார்க்கல."

மணிவாசகம் தாள்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். தலைவர் மூச்சு விட்டார். செயலாளர் பேனாவை மூடப் போனார்.

"முதல் தாள்லேருந்து படிக்கிறேன்" என்றார் மணிவாசகம். "எழுதிக்குங்க."